காலி ஜீப்புக்கு நாலு பேர்

மலைமேல் திருப்புலி நாட்டு மண்பாதையில் நண்பனின் புதுக் கார் ஒரு பாறைமேல் அடிவயிறு தட்டி நிற்கிறது. ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்குவதால் இது எந்தக் காட்டுக்கும் போகும் என்று அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து வகுப்பெடுத்துக்கொண்டே வந்தவன் அவன். வானம் கறுக்கிறது. ஆனாலும் நாங்கள் ஐந்து பேரும் உள்ளேயேதான் இருக்கிறோம். இறங்கினால் அவன் மனம் புண்படும்.

மரவள்ளிக்கிழங்கு மூட்டைகளை இறக்கிவிட்டுத் திரும்பும் பழைய ஜீப் ஒன்று பின்னால் வந்து நிற்கிறது. அதன் ஓட்டுநர் எங்கள் காருக்கு அடியில் குனிந்து பார்க்கிறார்.

“ஏனுங்க, பாரம் ஏறுனா உங்க வண்டி அடி தாழ்ந்துருதுங்க. நம்மளதுல ரெண்டு சக்கரத்துக்கும் ஒரே அச்சு. எத்தன மூட்ட போட்டாலும் அச்சு அதே ஒசரந்தான். எறங்குங்க சாமி.”

நால்வர் இறங்குகிறோம். கார் நிமிர்ந்து பாறையைத் தாண்டுகிறது.

“அப்ப உங்க வண்டிதான் ஒசத்தி,” என்கிறேன்.

“எங்கீங்க! காலியாப் போனா துள்ளித் துள்ளி இடுப்ப ஒடிச்சுருமுங்க. மூட்டைக்குப் பதிலா நீங்க நாலு பேரும் இதுல ஏறிக்கங்க.”

முன்னால் நண்பன், குலுங்காத காரில், காலி இருக்கைகளோடு போகிறான். முதல் பள்ளத்திலேயே என் தலை ஜீப்பின் கம்பியில் இடிக்கிறது. ஓட்டுநர் எங்களைத் திரும்பிப் பார்த்துக் குறைபட்டுக்கொள்கிறார்.

“இன்னும் ரெண்டு பேரு வந்திருக்கலாமுங்க.”