வானத்திலிருந்து தெரிந்த என் மூன்று லோரி மணல்

போன சனிக்கிழமை சிரம்பானிலிருந்து புக்கிட் பெலண்டோக் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய்த் தோட்டத்திற்குப் போனேன். சுற்றிப் பார்க்க அல்ல, சண்டை போட. அந்தத் தோட்டத்து மாரியம்மன் கோயில் தலைவர் முத்தையா முதல் நாள் போன் செய்தார். "அண்ணே, நாம செம்பனை மரத்த வெட்டி கோயில் எடத்தப் பெருசாக்கிட்டோமாம். சட்டலைட்ல தெரியுதாம். தோட்டத்து ஆபீஸ்ல கோயில எடுக்கச் சொல்றாங்க."

எனக்கு வந்த கோபத்தில் வீட்டு மின்விசிறியே நின்றுவிட்டது. முப்பது வருடம் லோரி ஓட்டியவன் நான். ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டாலும் எனக்குத் தெரியாத நிலம் இந்த நாட்டில் கிடையாது. அக்காள் மகள் கவிதாவையும் கூட்டிக்கொண்டேன். நிலம் எவ்வளவு வெயிலைத் திருப்பி அனுப்புகிறது என்று செயற்கைக்கோள் படங்களில் அளப்பதுதான் பல்கலைக்கழகத்தில் அவள் படிப்பு.

காலை எட்டுக்குக் கிளம்பினோம். தூரம் சுமார் முப்பத்தைந்து கிலோமீட்டர், பெட்ரோல் செலவு பத்து வெள்ளி. லுக்குட்டில் தோசையும் தே தாரேக் என்கிற நுரைக்க ஆற்றிய டீயும் இரண்டு பேருக்கு ஒன்பது வெள்ளி. சட்னி தண்ணீர், அதற்கும் கோபப்பட்டேன். அதன் பிறகு செம்மண் பாதை. சின்னக் கார் அடி வாங்கும்.

கோயில் வாசலில் தோட்டத்துச் சின்ன மானேஜர் பாஸ்கரன் கணினியோடு நின்றார். "பாருங்க அங்கிள், பத்து வருஷமா இந்த எடம் கறுப்பா இருந்துச்சு. இப்ப வெள்ளையா மின்னுது. மரம் இல்லாமப் போனாத்தானே இப்படி?"

"மின்னுறது என் மணல்லா!" என்று கத்தினேன்.

தீக்குழியைக் கடந்து வருகிறவர்கள் சேற்றில் கால் வைக்கக் கூடாது என்பது இங்கே வழக்கம். அதனால் சென்ற தீமிதிக்கு வாசல் முழுக்க வெள்ளை மணல் கொட்டினேன். மூன்று லோரி. அந்த மணலை ஏற்றி வரும் வழியில் சுவா பக்கம் ஒரு புலி குறுக்கே வந்தது. ஹாரன் அடித்தேன், ஒதுங்கி வழி விட்டது.

"புலிய விடுங்க மாமா," என்றாள் கவிதா. ஒரு கம்பியை மணலில் நட்டாள். அதன் நுனியில் இரண்டு கண்ணாடிக் குமிழ்கள். ஒன்று வானத்தைப் பார்க்கும், மற்றது தரையை. வருகிற வெளிச்சத்தையும் திரும்புகிற வெளிச்சத்தையும் அளக்குமாம். அந்த நேரம் பார்த்து மேகம் வந்து உட்கார்ந்தது. அரை மணி நேரம் மேகத்தையும் திட்டினேன்.

வெயில் வந்ததும் அளந்தாள். நூறு பங்கு வெளிச்சத்தில் மணல் நாற்பதைத் திருப்பி அனுப்பியது. பிறகு நானும் முத்தையாவும் மண்வெட்டியால் வாசலின் ஒரு பக்கத்தை வழித்தோம். கீழே பழைய புல்தரை. ஒரு செம்பனைக் கட்டை கூட இல்லை. அங்கே அளந்தால் இருபதுக்கும் கீழே.

"கறுப்பா இருந்தா மரம்னு அர்த்தமில்ல சார். புல்லும் வானத்துலேருந்து கறுப்பாத்தான் தெரியும்," என்றாள்.

பாஸ்கரன் தலையைச் சொறிந்தார். "சரி, கோயில் இருக்கட்டும். ஆனா மணல எடுத்துடுங்க. இல்லன்னா மேல உள்ளவங்க படத்தப் பார்த்து மறுபடியும் கேப்பாங்க."

"அவங்க கண்ணுல கோளாறுன்னா என் மணல் என்னாய்யா பண்ணும்?" என்று நான் பாய்ந்தேன்.

முத்தையா என் கையைப் பிடித்தார். "அண்ணே, கோயிலு நிக்குதுல்ல. போதும்."

பிடித்த பிடியைத் தளர்த்தவே இல்லை. அதனால்தான் விட்டேன். ஞாயிறன்று நானே லோரி கொண்டுபோய் மணலை அள்ளினேன்.

இதுபோல அளக்கப் போகிறவர்கள் காலையிலேயே போங்கள், மேகம் சேருவதற்குள். தண்ணீரும் தொப்பியும் வேண்டும். படத்தை மட்டும் நம்பாதீர்கள், தரையில் கால் வையுங்கள்.

கோபம் இன்னும் தீரவில்லை. வானத்திலிருந்தே தெரிகிற மாதிரி கோயிலுக்குக் கொடுத்தவன் இந்த மாநிலத்தில் நான் ஒருவன்தான். அடுத்த படத்தில் அந்த இடம் பழையபடி கறுப்பாக இருக்கும். கோயில் இருக்கும். நான் கொடுத்தது தெரியாது.