உடையாத தேங்காய்

படுக்கையறையில் வைத்திருந்த துறைமுக ரேடியோவிலிருந்து கரகரவென்று ஒரு குரல் கேட்டது. ஆற்றுமுகத்தில் ஏதோ ஒரு படகுக்காரர் மலாய் மொழியில் பேசிக்கொண்டிருந்தார். வீரமுத்து சோற்றில் கையை வைத்தபடியே காது கொடுத்தார்.

"வீட்டுலயும் ரேடியோவாண்ணே? பொண்டாட்டி புள்ளைங்க இருந்தா இப்படி அலற விட்டிருப்பியா?" என்றாள் எதிரே உட்கார்ந்திருந்த தங்கை இந்திராதேவி. சுங்கை ரம்பாயில் இருக்கும் தன் வீட்டிலிருந்து மீன் குழம்பு கொண்டு வந்திருந்தாள்.

"அதுங்க இல்லாததாலதான் இது பேசுதுலா," என்று சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

நியாலாஸ் பக்கத்துத் தோட்டத்தில், ரப்பர் மரங்களுக்கு நடுவே பிறந்த வீரமுத்து இன்று மலாக்காவில் துறைமுக அதிகாரி. ஊர் வாயில் ஹார்பர் மாஸ்டர். சரக்குக் கப்பலோ சுற்றுலாப் படகோ, அவர் அனுமதித்தால்தான் கயிறு அவிழும். அதற்காகவே படகுக்காரர்கள் அவரைக் கண்டால் கும்பிட்டார்கள். அதற்காகவே ஒருவரும் வீட்டுப் படி ஏறவில்லை. தீபாவளி முறுக்கைக்கூடத் திருப்பி அனுப்பும் மனிதரோடு யார் பழகுவார்கள்? பெண் பார்க்க வேண்டிய வயதில் கடலில் இருந்தார். கரைக்கு வந்தபோது காலம் போயிருந்தது. மிஞ்சிய உறவு இந்திரா ஒருத்திதான்.

போன ஞாயிற்றுக்கிழமை, கல்யாணம் நிச்சயமாகியிருந்த அவள் மகன் தினேஷ்வரனின் புதுப் படகுக்கு முதல் ஓட்டம். வாழைக்கன்று கட்டி, சூடம் ஏற்றி, தாய்மாமன் கையில் தேங்காயைக் கொடுத்தார்கள். மாமாவே ஹார்பர் மாஸ்டர், இனி யாரிடம் அனுமதி கேட்பது என்று எல்லோரும் இருந்துவிட்டார்கள். தேங்காயை ஓங்கியவரின் கண் மேல்தட்டில் விழுந்தது. அங்கே இருக்கக் கூடாத நாற்காலிகள். நெருக்கியடித்துச் சொந்தபந்தம். குழந்தைகளுக்கு உயிர்காப்பு ஜாக்கெட்கூட இல்லை.

ஓங்கிய தேங்காயை மெல்லக் கீழே வைத்தார். "இந்தப் படகு போகாது," என்றார். சம்பந்தி வீட்டார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"வர்ற ஞாயித்துக்கிழம பொண்ணு வீட்டுக்காரங்கள மறுபடியும் கூப்பிட்டிருக்கோம்," என்றாள் இப்போது எதிரே இருந்த இந்திரா. "ஒரே ஒரு ரவுண்டு. கண்டுக்காம விட்டுடுண்ணே."

"மேல இருக்கிற நாற்காலியக் கழட்டச் சொல்லு, புள்ளைங்களுக்கு ஜாக்கெட் மாட்டச் சொல்லு. ரெண்டு ட்ரிப்பா போகட்டும். நானே வந்து தேங்கா ஒடைக்கிறேன்."

"சம்பந்திய வெயில்ல நிக்க வச்சி, அடுத்த ட்ரிப்புல வாங்கன்னு சொல்லவா? ஏற்கெனவே சகுனம் சரியில்லன்னு பேசுறாங்க. கல்யாணம் நின்னுச்சுன்னா?"

"படகு கவுந்துச்சுன்னா?"

"உன் வாயில நல்ல வார்த்தையே வராதா?" அவள் கண்கள் பொங்கின. "நீ விடலன்னா, மணவறையில தாய்மாமன் எடத்துல என் கொழுந்தனார் நிப்பாரு. நீ வர வேணாம்."

வீரமுத்து தம் மடியைப் பார்த்தார். காது குத்தும்போது தினேஷ் அலறியது இந்த மடியில்தான். 'சரி' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தப் பிள்ளையின் கல்யாணத்தில் தமக்கும் ஓர் இடம் உண்டு. ஆனால் மேல்தட்டில் கம்பியைப் பிடித்துத் தொங்கிய பிள்ளைகளின் முகங்கள் கண்ணை விட்டுப் போகவில்லை.

"விட மாட்டேம்மா," என்றார்.

இந்திரா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். வாசலில் செருப்பை மாட்டினாள்.

"போறேன்."

எத்தனை கோபத்தில் கிளம்பினாலும் 'வரேண்ணே' என்று சொல்லிவிட்டுத்தான் போவாள். அந்தச் சொல் வருமா என்று கதவு நிலையைப் பிடித்தபடி நின்றார். கார் சாலை முனையில் திரும்பியது.

எச்சில் கை காய்ந்து போயிருந்தது. இடது கையால் கதவைச் சாத்தினார்.