பல் மேலே முளைத்த பன்றியைப் பார்க்க அண்ணனோடு சிங்கப்பூருக்கு

சிங்கப்பூர் போகிறவர்கள் எதைப் பார்க்கப் போகிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். நானும் என் அண்ணனும் கடந்த ஜூலையில் புதுச்சேரியிலிருந்து கிளம்பிப் போனது ஒரு பன்றியைப் பார்க்க. சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள், நாங்கள் கிளம்பியபோது சொந்தக்காரர்கள் எல்லோரும் சிரித்து முடித்தாயிற்று.

லூர்து அண்ணன் தட்டாஞ்சாவடியில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்து ஓய்ந்தவர். அவருக்குக் கண் அழுத்த நோய். இரண்டு கண்ணிலும் ஓரப் பார்வை போய்விட்டது, நடுவில் மட்டும் குழாய் வழியாகப் பார்ப்பது போலக் கொஞ்சம் தெரிகிறது. வெளிச்சம் குறைந்தால் அதுவும் இல்லை. போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்ற ஆப்பரேஷன் செய்து பார்க்கலாம், அதற்கும் உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டர். ஆகஸ்டில் ஆப்பரேஷன் என்று முடிவானது.

அதற்கு முன்னால் எதையாவது பார்க்க ஆசையா என்று கேட்டேன். வேளாங்கண்ணி என்பார், இல்லாவிட்டால் பாரீசில் இருக்கும் சித்தப்பா வீடு என்பார் என்று நினைத்தேன். "பல்லு மூஞ்சியத் தொளைச்சிகினு மேல வருமே, அந்தப் பன்னிய பாக்கணும்மா" என்றார். சின்ன வயதில் பக்கத்து வீட்டில் ஒரு பிரெஞ்சுப் படப் புத்தகத்தில் பார்த்தாராம். ஆசை இருக்கு தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கு கழுதை மேய்க்க என்பார்கள். என் அண்ணனுக்கு ஆசையே பன்றி பார்க்கத்தான்.

அந்தப் பன்றியின் பெயர் பாபிருசா. சொந்த ஊர் இந்தோனேசியத் தீவுகள். சிங்கப்பூர் விலங்குக் காட்சிசாலையில் இருக்கிறது என்று அந்த ஊரில் வேலை பார்க்கும் என் மகள் செலின் கண்டுபிடித்துச் சொன்னாள். தங்க அவள் வீடு இருந்ததால் பெரிய செலவு விமான டிக்கெட் மட்டும்தான்.

புதுச்சேரியிலிருந்து சென்னை விமான நிலையம் ஏறக்குறைய நூற்று நாற்பது கிலோமீட்டர். பஸ்ஸில் மாறி மாறி ஏற அண்ணனால் முடியாது என்று கார் வைத்துக்கொண்டோம், மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய். எதற்குப் பயணம் என்று டிரைவர் கேட்டார், சொன்னோம். "பன்னி பாக்கவா இவ்ளோ தூரம்? எங்க தெருவுக்கு வந்திருந்தா நானே காட்டியிருப்பேனே சார்" என்றார். அண்ணன், "உங்க தெரு பன்னிக்குப் பல்லு எந்தப் பக்கம் மொளைக்குது?" என்று கேட்டார். மரக்காணம் வரை அதைப் பற்றியே பேச்சு.

சிங்கப்பூரில் இறங்கிய மறுநாள் செலினோடு எம்.ஆர்.டி. ரயிலில் காத்திப் நிலையம் போய், அங்கிருந்து ஒரு டாலர் கொடுத்து ஷட்டில் பஸ்ஸில் பூங்காவுக்குப் போனோம். முதலில் ஆப்பிரிக்காவின் வார்ட்ஹாக் என்ற காட்டுப்பன்றி. முகமெல்லாம் மரு, முன்னங்காலை மடக்கி முட்டிபோட்டுப் புல் மேய்கிறது. "கோயில்ல நம்ம ஆளுங்க கூட இவ்ளோ நேரம் முட்டி போட மாட்டாங்க" என்றார் அண்ணன். அடுத்தது சிவப்பு ஆற்றுப் பன்றி. செங்கல் நிறம், முதுகில் வெள்ளைக் கோடு, காது நுனியில் குஞ்சம். இதெல்லாம் பன்றியா என்று நானே வாயைப் பிளந்தேன். நல்ல வெயில், அண்ணனுக்கும் தெளிவாகத் தெரிந்தது.

பாபிருசாவின் இடத்துக்குப் போனபோது மணி பன்னிரண்டரை. உள்ளே நிழலில் சாம்பல் நிற முதுகு ஒன்று மட்டும், அசைவில்லை. காத்திருந்து பார்த்தோம். அண்ணன் மணியைக் கேட்டார். ஒன்று ஆகிறது என்றதும், "அதுவும் சியெஸ்த் போடுது. நாமளும் சாப்ட்டு படுப்போம், நாலு மணிக்கு வந்தா எல்லாம் தொறந்திருக்கும்" என்றார்.

எங்கள் ஊரை அறிந்தவர்களுக்கு இது புரியும். ஒரு மணி ஆனால் கடைகள் ஷட்டரை இறக்கிவிடும், நாலு மணி வரை ஊர் தூங்கும். அந்த மதியத் தூக்கத்துக்குப் பிரெஞ்சில் சொல்கிற பெயரைத்தான் அண்ணன் சொன்னார். செலின், "மாமா, இங்க மத்தியானம் யாரும் தூங்க மாட்டாங்க" என்றாள். கேட்கிற ஆளா? நானும் லாஸ்பேட்டைக்காரிதான், பூங்காவிலேயே ஒரு கூரைக்கடியில் பெஞ்சில் உட்கார்ந்து, கட்டி வந்த புளிசாதம் உள்ளே போனதும் கண் சொருகியது.

இடிச்சத்தத்தில் எழுந்தபோது மணி நாலு. வானம் கருகருவென்று இருந்தது. அங்கே பிற்பகல் மழை சர்வ சாதாரணமாம். அரை நாள் வெயிலைத் தூங்கியே தொலைத்துவிட்டோம். ஊர் வழக்கத்தை ஊரிலேயே விட்டுவிட்டு வந்தால் என்ன என்று அண்ணனிடம் வள்ளென்று விழுந்தேன். அவர் கையைக் கண் முன்னால் நீட்டி விரல்கள் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.  ஆறு மணிக்குப் பூங்கா மூடிவிடுவார்கள், மறுநாள் காலையிலேயே எங்களுக்குத் திரும்ப விமானம்.

ஐந்து மணி தாண்டி மழை விட்டது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஈரத்தில் வழுக்காமல் ஏறக்குறைய ஓடினோம். பாபிருசா வெளியே வந்திருந்தது. மழைச் சேற்றைக் கிளறிக்கொண்டு, ரோமமே இல்லாத உடம்போடு பெரிய ஆண் ஒன்று. "எங்கம்மா? எங்க?" என்று அண்ணன் தலையை அங்குமிங்கும் திருப்பினார். வலது பக்கம், கல்லுக்குக் கீழே என்று சொல்லிப் பார்த்தேன். அந்தச் சின்னக் குழாய்க்குள் பன்றி சிக்கவே இல்லை. மேகத்தின் ஓரத்திலிருந்து கொஞ்சம் வெயில் வந்தது. அது எவ்வளவு நேரம் இருக்கும் என்று தெரியாது. கடைசியில் செலின் அவர் முகவாயைப் பிடித்து மெதுவாகத் திருப்பினாள். "மாமா, அசையாதீங்க. இப்ப நேரா."

அண்ணன் சட்டென்று அசையாமல் நின்றார்.

"மேல்பல்லு ரெண்டும் மூக்குத் தோல பொத்துகினு வருது" என்றார். "வளைஞ்சி... நெத்தியத் தொடப் போவுது. மூஞ்சில சேறு. கண்ணு சின்னது." பன்றி தலையைத் தூக்கி எங்கள் பக்கம் பார்த்தபடி எதையோ மென்றது. முகம் மட்டும்தான் அவருக்குக் கிடைத்தது. உடம்பை நான் சொன்னேன், கால்களை செலின் சொன்னாள். மான் போல மெல்லிய கால், மலாய் மொழியில் பாபி என்றால் பன்றி, ருசா என்றால் மான் என்றாள். வெயில் போகும் வரை பார்த்தார்.

அந்த மழைக்கும், விட்ட மழைக்கும், பன்றிக்கும், என் மகளின் கைக்கும் நான் நன்றி சொல்லி மாளாது.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். காலையில் திறக்கும்போதே போய்விடுங்கள், இல்லாவிட்டால் மழை விட்ட பிறகு இருங்கள். உச்சி வெயிலில் பன்றிகள் முகம் காட்டுவது அதிர்ஷ்டம். நுழைவுக் கட்டணம் மாறிக்கொண்டே இருப்பதால் வலைத்தளத்தில் பார்த்து முன்கூட்டியே வாங்குங்கள். குடை கட்டாயம். பார்வை குறைந்தவரை அழைத்துப் போனால் கையால் சுட்டிக் காட்டாதீர்கள், முகத்தைத் திருப்பிவிடுங்கள். ஒரே இடத்துக்கு ஒரு நாள் முழுக்க ஒதுக்குங்கள்.

திரும்பும் பஸ்ஸில் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு வந்தார். வெளியே மழையில் நனைந்த ஊர் முழுதும் ஓடிக்கொண்டிருந்தது. "மாமா தூங்கிட்டீங்களா?" என்று கேட்டாள் செலின்.

"தூங்கல பாப்பா. வேற எதையும் மேல போட்டு அத அழிச்சிடக் கூடாதுன்னு மூடிகினு வரேன்" என்றார்.

காத்திப் வரும் வரை நாங்கள் இருவரும் அவரிடம் எதையும் காட்டவில்லை.