இலைக்காரியின் பூ

காலை ஒன்பது மணிக்குத் தொலைபேசி வந்தபோது நான் பழைய செய்தித்தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். பேருந்து நிறுத்தத்தில் மயங்கி விழுந்த என் மனைவிக்கு உயிர் இல்லை என்றார்கள். சரி என்று சொல்லிவிட்டு, மீதியையும் அடுக்கி முடித்தேன்.

தாவர அருங்காட்சியகத்தில் அவளுக்கு வேலை. காட்டிலிருந்து வரும் செடிகளைச் செய்தித்தாள்களுக்கு நடுவே அழுத்தி உலர்த்தி, அட்டையில் தைப்பாள். மழை ஓயாத எங்கள் ஊரில் ஈரத்தாளைத் தினமும் மாற்றாவிட்டால் பூஞ்சை பிடித்துச் செடி கறுத்துவிடும். தெருவில் அவளுக்கு 'இலைக்காரி' என்று பெயர்.

"என்னங்க, பேப்பரைச் சீக்கிரம் படிச்சுத் தொலைங்க. என் பிள்ளைங்க ஈரத்துல கிடக்குதுங்க" என்பாள்.

"உன் பிள்ளைங்களுக்கு நேத்து பேப்பர் போதாதா?"

"அதையும் நீங்க இன்னும் முடிக்கலையே!"

கடைசியாக ஒரு மலைச்செடி பூவோடு வந்தது. பல வருடங்களுக்கு ஒருமுறைதான் பூக்கும். அதன் பூ அதுவரை அருங்காட்சியகத்தில் இல்லை. அங்கே கூரை ஒழுகியதால் வீட்டுக்குக் கொண்டுவந்து, இரண்டு பலகைகளுக்கு நடுவே வைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டினாள். தொலைபேசி வந்த அன்று காலை, "சாயங்காலம் வந்து தாள் மாத்திக்கிறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

துக்கம் கேட்க வந்த அவளுடைய அதிகாரி, போகும்போது வாசலில் தயங்கினார். "தப்பா நினைக்காதீங்க சார். அந்தப் பூ எப்படி இருக்கு?"

"பார்க்கிறேன்" என்றேன்.

கயிற்றில் இருப்பது அவள் போட்ட முடிச்சு. காய்ந்த தாள்கள் பலகையின் பக்கத்திலேயே இருக்கின்றன. உள்ளே இருக்கும் தாளை இன்னும் மாற்றவில்லை.