மகளின் வாயைப் பொத்திய கை

என் கணவரின் விசைப்படகு காசிமேட்டுக்குத் திரும்பவேண்டிய நாள் தாண்டிவிட்டது. படகு வராதபோது பெண்கள் வாய்விட்டுக் கத்தினால் படகுக்கு ஆகாது என்பார்கள் எங்கள் குப்பத்தில். மகளுக்கு எதுவும் தெரியக் கூடாதே என்று, முன்பே சொல்லியிருந்தபடி அவளைக் கேளிக்கைப் பூங்காவுக்கு அழைத்துப் போனேன்.

மரத்தால் கட்டிய ரோலர் கோஸ்டர் உச்சிக்கு ஏறும்போது, புயலில் படகுப் பலகை முறிவதைப்போலக் கிறீச்சிட்டது. மகள் கத்த வாயெடுத்தாள். பாய்ந்து பொத்தினேன்.

"இன்னாமா நீ, கைய எடு! பயமா கீதுன்னா நீயும் கத்து!" என்று தள்ளிவிட்டாள்.

வண்டி தலைகுப்புற இறங்கியது. கத்திவிட்டேன். வாயில் வந்தது அவர் பெயர்.

கீழே வந்ததும் மகள் சிரிக்கவில்லை. "நைனா இன்னும் வர்லியாமா?" என்றாள்.

மறுநாள் படகு வந்தது. இப்போதும் படகு தாமதமானால் என் வாயைப் பொத்திக்கொள்கிறேன். மகளின் வாயை மட்டும் பொத்துவதில்லை.