புதன்கிழமைத் தண்ணீர்

பக்கத்து மனையில் வீடு கட்டக் கொட்டியிருந்த மணலில் ஃபோர்மேன் குந்தியிருந்தான். வழக்கமாகப் பள்ளம் தோண்டுவான், வேலையை முடிப்பான், மூடிவிட்டு வருவான். அன்று குந்தினான், எழுந்தான், கொஞ்சம் தள்ளிப் போய் மறுபடியும் குந்தினான். மணல் நனையவே இல்லை.

ஃபோர்மேன் எங்கள் வீட்டுக் கடுவன் பூனை. என் கணவர் சேகர், தான் வேலை பார்த்த இரும்பு உருக்காலையிலிருந்து சட்டைக்குள் போட்டு எடுத்துவந்த குட்டி. "ஒரு வேலையும் செய்யாது, எல்லாத்தையும் சுத்திச் சுத்திப் பாத்துக்கினு இருக்கும். அதான் ஃபோர்மேன்" என்று பெயர் வைத்தவரும் அவர்தான். அவர் போன பிறகு கும்மிடிப்பூண்டி லைன் வீட்டில் நானும் என் மாமியாரும் இவனும் மட்டும் மிஞ்சினோம்.

"வயித்துக் கட்டுடி" என்றார் அத்தை. விளக்கெண்ணெயை அவன் நாக்கில் தடவினார். நானும் நம்பினேன். மாலைக்குள் அவன் கட்டிலுக்கடியில் சுருண்டுவிட்டான். தொட்டால் கத்தினான். அடிவயிற்றில் எலுமிச்சங்காய் மாதிரி ஏதோ கெட்டியாகக் கைக்குத் தட்டுப்பட்டது.

கடுவன் பூனை வளர்ப்பவர்களுக்கு இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குந்திக் குந்தி எழுந்தும் ஒரு சொட்டு வரவில்லை என்றால் எண்ணெய், கஷாயம் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். அப்போதே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். வெளியேறாத சிறுநீரின் நஞ்சு ரத்தத்தில் ஏறி இதயத்தையே நிறுத்திவிடும்.

நான் ஓடினேன். மறுநாள் வேலைக்கு வர முடியாது என்று கம்பெனி சூப்பர்வைசருக்கு போன் செய்தபோது, "பூனைக்கு ஒண்ணுக்கு வரலன்னு லீவா? நல்லாக் கேட்ட போ" என்று சிரித்தார். சிரிக்கட்டும். அவர் வீட்டுப் பூனைக்கு வந்தால் தெரியும்.

கால்நடை மருத்துவர் இளம்பெண். ஆட்டுக்கும் மாட்டுக்கும் நடுவில் என் கூடையைப் பார்த்தவர் முதலில் என்னைத்தான் உள்ளே கூப்பிட்டார். சிறுநீரில் படிகங்கள் (கரையாமல் நிற்கும் தாதுத் துகள்கள்) சேர்ந்து பாதையை அடைத்திருப்பதாகச் சொன்னார். மயக்க ஊசி போட்டு, கதீட்டர் (சிறுநீர்த் துவாரம் வழியாக நுழைக்கும் மெல்லிய குழாய்) வைத்தார். குழாயின் மறுமுனையில் ஒரு சின்னப் பை. அதில் ரத்தம் கலந்த நீர் இறங்கத் தொடங்கியது.

அந்தப் பையை என்னால் பார்க்க முடியவில்லை. அதே மாதிரிப் பை சேகருக்கும் மாட்டியிருந்தார்கள்.

அவர் உலை முன்னால் நின்றவர். தண்ணீர் குடித்தால் அடிக்கடி வெளியே போக வேண்டிவரும் என்று குடிக்கவே மாட்டார். சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். கடைசியில் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. டயாலிசிஸ் (இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்வது) தொடங்கியதும் தண்ணீருக்கும் அளவு வைத்துவிட்டார்கள். காலையில் அத்தை ஆஸ்பத்திரிக்கு வந்ததும் மகனிடம் கேட்கும் முதல் கேள்வி, "போச்சா நைனா?" என்பதுதான். ஒண்ணுக்குப் போனதா என்று. அவர் இல்லை என்று தலையாட்டுவார். பிறகு, "யம்மா, ஒரு வாய் தண்ணி குடும்மா" என்பார். அத்தை சுவர் பக்கம் திரும்பிக்கொள்வார். அப்படியே ஒரு புதன்கிழமை சேகர் போய்விட்டார்.

ஃபோர்மேன் பிழைத்து வீடு வந்தான். "இவனுக்குத் தண்ணிதான்மா மருந்து. குடின்னா குடிக்க மாட்டான், சாப்பாட்டோட உள்ள போகணும்" என்றார் மருத்துவர். கருவாடு அறவே கூடாது. அதில் உப்பும், படிகத்தை வளர்க்கும் தாதுக்களும் அதிகம். காய்ந்த தீனியும் வேண்டாம் என்றார்.

மீனை உப்பில்லாமல் வேகவைப்பேன். முள் எடுத்து, வெந்த நீரோடு கூழாகப் பிசைந்து, மருத்துவர் எழுதிக்கொடுத்த டப்பா உணவோடு கலப்பேன். வெறும் மீன் மட்டும் போதாதாம். மூலைக்கு மூலை வாயகன்ற மண்சட்டியில் தண்ணீர் வைத்தேன். எவர்சில்வர் கிண்ணத்தை முகர்ந்துவிட்டுப் போகிற மகாராசன் மண்சட்டியில் குடித்தான். வீட்டுக்குள் கருவாடு வரக்கூடாது என்று அத்தையிடம் கறாராகச் சொல்லிவிட்டேன். "கருவாடு வாசன இல்லாத ஊடு இன்னா ஊடு" என்று முணுமுணுத்தார்.

ஆனாலும் திரும்ப அடைத்தது. குழாய், பை, அதே ரத்த நீர். தேறினான். மறுபடியும் அடைத்தது. "வேற என்ன குடுக்கறீங்க?" என்று மருத்துவர் கேட்கும்போதெல்லாம் சத்தியம் செய்யாத குறை. அடிக்கடி குழாய் போட்டால் பாதையே சுருங்கிவிடும், இன்னொரு முறை தாங்குவானா என்று தெரியவில்லை என்றார் அவர். நான் காலை ஷிப்ட் போகிற வாரங்களில்தான் இது வருகிறது என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. அந்த வாரங்களில் ஒரு நாள், வீடு திரும்பும்போது சாம்பிராணி வாசனை தூக்கலாக இருக்கும். அத்தைக்குப் பக்தி கூடிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு புதன்கிழமை கம்பெனியில் மின்சாரம் போய், உச்சி வேளையிலேயே எங்களை அனுப்பிவிட்டார்கள். வீட்டு உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. இடுக்கில் புகை கசிந்தது. அத்தை கதவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். உள்ளே யாரோ சாப்பிடும் சத்தம்.

எங்கள் பக்கத்தில் இறந்தவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைத்துவிட்டுக் கதவைச் சாத்திவிடுவோம். அவர்கள் வந்து சாப்பிடும்போது நாம் பார்க்கக்கூடாது.

உண்மையைச் சொல்கிறேன், அந்தக் கணத்தில் எனக்குப் பூனை ஞாபகமே வரவில்லை. சேகர் வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். கதவைத் தள்ளக் கை வரவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நிற்கலாம் போலிருந்தது.

தள்ளினேன். சேகரின் படத்துக்கு முன்னால் வாழை இலை. சோறு, நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு, சுட்ட கருவாடு. இலையின் மேல் ஃபோர்மேன்.

"கருவாடு வேணாம்னு டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க இல்ல அத்த?"

"நான் பூனைக்கா வச்சேன்? எம் புள்ளைக்கு வச்சேன்டி."

"துன்றது பூனை!"

"உனுக்கு அப்பிடித் தெரியுது. மொத தபா வச்சப்போ காக்கா கூடத் தொடல. இது வந்து துன்னுச்சு. நைனான்னு கூப்ட்டேன், நிமிந்து பாத்துச்சுடி வள்ளி."

"ஒருத்தர வாரிக் குடுத்தது பத்தாதா? இவனையும் சோறு போட்டே கொல்லப் போறீங்களா?" என்று கத்தினேன். அக்கம்பக்கத்துக் கதவுகள் திறந்தன. அத்தை இலையை மடித்தார். எனக்குக் கோபம் அடங்க வெகுநேரம் ஆனது. அவர் மேல் மட்டுமில்லை, கதவுக்கு இந்தப் பக்கம் மயங்கி நின்ற என் மேலும்தான்.

மறுநாள் மாலை அவன் மறுபடி வெறும் மணலில் குந்தினான். ஷேர் ஆட்டோவில் கூடையை மடியில் வைத்துக்கொண்டேன். கூப்பிடாமலே அத்தையும் ஏறிக்கொண்டார். வழியெல்லாம் பெரியபாளையத்து அம்மனைக் கூப்பிட்டபடியே வந்தார்.

அன்று குழாய் நுழைய மறுத்தது. மருத்துவர் நெற்றியைத் துடைத்துத் துடைத்து முயன்றார். கடைசியில் நீர் இறங்கியபோது அத்தை அந்தப் பையையே பார்த்துக்கொண்டு நின்றார். "எம் புள்ளைக்கும் இதான் மாட்டி இருந்தாங்கம்மா" என்றார். பிறகு எல்லாவற்றையும் அவரே சொன்னார்.

மருத்துவர் திட்டவில்லை. "கருவாடு மட்டுமே காரணம்னு சொல்ல முடியாதும்மா. சாத்தின ரூம், புகை, அந்த பயத்துலயே பூனைக்கு நீர்ப்பை புண்ணாகும். கருவாட்ட நிறுத்துங்க. தண்ணி குடுங்க."

"குடுக்கலாமா?"

"தாராளமா குடுங்க."

"எவ்ளோ வேணா குடுக்கலாமா?" என்று மறுபடி கேட்டார் அத்தை. "அங்க குடுக்கக்கூடாதுன்னாங்கம்மா. எம் புள்ள கேட்டுக்கினே பூட்டான்."

மருத்துவர் என்னைப் பார்த்தார். "எவ்ளோ வேணா குடுங்கம்மா, அளவே கிடையாது" என்று அத்தையின் கையைப் பிடித்துச் சொன்னார்.

அடுத்த புதன்கிழமை நான் விடுப்பு எடுத்தேன். அத்தை புதிதாக ஒரு மண்சட்டி வாங்கி வந்திருந்தார். மீன் வேகவைத்த நீரை ஆறவைத்து, அதில் நிரம்ப ஊற்றிப் படத்துக்கு முன்னால் வைத்தார். சாம்பிராணி இல்லை. கதவைச் சாத்தவும் இல்லை. இருவரும் முதுகு காட்டி உட்கார்ந்தோம். சற்று நேரத்தில் சளக் சளக்கென்று நக்கிக் குடிக்கும் சத்தம் கேட்டது.

"குடி நைனா. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றார் அத்தை. அவன் குடித்துக்கொண்டே இருந்தான். நான் அழுதேன்.

அதன் பிறகு இதுவரை அடைக்கவில்லை. குணமாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். இது திரும்பி வரக்கூடிய நோய், மருத்துவரும் அப்படித்தான் சொல்கிறார். உங்கள் வீட்டுப் பூனைக்குச் சோறு வைக்கும் எல்லாக் கைகளையும் கேட்டுவிடுங்கள். வைப்பவர் யாருக்காக வைக்கிறார் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

இப்போதெல்லாம் கம்பெனியில் மெஷினை விட்டு நகர்ந்து தண்ணீர் குடிக்கிறேன். தொண்டையில் இறங்கும்போது அது எனக்கு மட்டும் இறங்குவதாகத் தோன்றுவதில்லை. என் நாள் கம்பெனிச் சங்கு ஊதினால் விடிவதில்லை. ஈர மணலைப் பார்த்தால்தான் விடிகிறது.

இன்றும் புதன்கிழமை. ஃபோர்மேன் தாடை சொட்ட வெளியே வந்து மணலுக்குப் போனான். பின்னாலேயே போய் நின்றேன். பள்ளம் தோண்டினான், குந்தினான், மூடினான். உள்ளேயிருந்து அத்தை கேட்டார்.

"போச்சாடி?"

"போச்சு அத்த."

அவர் படத்தின் பக்கம் திரும்புவது ஜன்னல் வழியே தெரிந்தது.

"கேட்டியா நைனா? போயிடுச்சாம்."