எழுத்து மட்டும் ஓடும் திரை

குலசேகரன்பட்டினம் ஐஸ் ஆலையின் கேமராப் பதிவுகளைச் சேமிக்கும் சர்வர் அபிஷாவின் பொறுப்பு. "விண்டோஸே போடுட்டி, எல்லாருக்கும் தெரியும்" என்ற முதலாளியோடு சண்டைபோட்டு, படமே இல்லாமல் எழுத்தால் மட்டும் இயங்கும் லினக்ஸை ஏற்றியவள் அவள்.

சுமைதூக்கும் தொழிலாளி சிலுவையை ஆலை வாசலில் வைத்து வெட்டிய மூவர், கேமராவில் விழுந்த அந்தப் பதிவை அழிக்க அரிவாளோடு உள்ளே வந்தார்கள்.

"என்னலே, வெறும் எழுத்தாக் கெடக்கு?" என்றான் அவர்களில் கம்ப்யூட்டர் தெரிந்தவன். இன்னொருவன் அபிஷாவின் முடியைப் பிடித்து முகத்தை மேசையில் அடித்தான்.

"நீயே அழிட்டி!"

வாயில் ரத்தம் வழிய ஒரு வரிக் கட்டளையைத் தட்டினாள். திரையில் எழுத்துகள் ஓடி நின்றன.

"அழிஞ்சிட்டு, அண்ணாச்சி."

போகும்போது சர்வரையும் வெட்டி உடைத்தார்கள். அதற்குள் அந்த வரி, பதிவை முதலாளியின் பாளையங்கோட்டை வீட்டுக் கணினிக்கு அனுப்பிவிட்டிருந்தது. உடைந்த பல்லைத் துப்பிவிட்டு, அபிஷா ஆம்புலன்ஸையும் போலீசையும் கூப்பிட்டாள்.